சின்னது மட்டும் போகும்

சர்வர் பறக்கட்டும் என்று என்ஜினியர், தகவலைத் துண்டு துண்டாகச் சுமந்துபோகும் பாக்கெட்டின் அளவை ஆயிரத்து ஐந்நூறு பைட்டிலிருந்து ஒன்பதாயிரமாக ஏற்றினார். நடுவிலிருந்து பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் நெட்வொர்க் ஸ்விட்சில் அதை மாற்ற மறந்துபோனார். சின்ன பாக்கெட்டுகள் போய்ச் சேர்ந்தன. பெரியவை போன இடம் தெரியவில்லை. தலையிலடித்துக்கொண்டு பழைய அளவையே வைத்துவிட்டுக் கிளம்பினால், சர்வர் அறைக் கதவு திறக்கவில்லை. மனைவிக்கு போன் போட்டார்.

“உள்ளே மாட்டிக்கிட்டேன், ஆபீசுக்குச் சொல்லி யாரையாவது அனுப்பச் சொல்லு.”

“ஹலோ, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“இப்ப கேக்குது. சொல்லுங்க.”

மறுபடி முழுசாகச் சொன்னார். மறுமுனையில் வெறும் “ஹலோ, ஹலோ.”

அவருக்கு உறைத்தது. ஒரே வார்த்தையாகச் சொன்னார்.

“கதவு.”

“அதுவா? பூட்டிட்டேங்க. நீங்க நிதானமா வாங்க,” என்று வைத்துவிட்டாள்.

எதிரே இருந்த கதவில் இன்னொரு பூட்டு விழும் சத்தம் கேட்டது.