மூன்றாமவள்

"என் பக்கத்துல உக்காராத. உன் ஹம்சத்வனிகிட்டயே போ!"

பிரதீபா சாப்பாட்டு டப்பாவைப் படக்கென்று மூடினாள். பரிதி நகராமல் அங்கேயே நின்றாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பேராவூரணி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, பட்டுக்கோட்டைப் பள்ளிக்கு வருகிறவர்கள் இருவரும். இப்போது பதினொன்றாம் வகுப்பு. பிரதீபா வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசி ஆறு மாதமாகிறது. பிரதீபாவுக்குத் தனக்கென்று மிச்சமிருந்தது பரிதி ஒருத்திதான்.

அவளையும் கொத்திக்கொண்டு போகத் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்தாள் ஹம்சத்வனி.

ஒரு மாதமாக மத்தியானமானால் லேப் பின்னாலிருக்கும் தென்னைமரத்தடியில் அந்த இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். பிரதீபா தலையைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். நேற்று பரிதி அழுதுகொண்டிருந்தாள். ஹம்சத்வனி கண்ணைத் துடைத்துவிட்டாள். அழுவதற்குக்கூட இப்போது அவள்தான் வேண்டுமா? ராத்திரி பிரதீபாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்படி என்னடி ரகசியம்? என்னை எப்படிக் கழட்டி விடறதுன்னு பேசறீங்களா?"

பின்னாலேயே வந்த ஹம்சத்வனி, "இனிமே மறைக்க வேணாம் பரிதி" என்றாள். பிறகு பிரதீபாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"பழைய ஸ்கூல்ல இருந்தப்ப, கோபமோ அழுகையோ தாங்க முடியலன்னா என்னை நானே காயப்படுத்திக்குவேன். ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. அப்புறம் அம்மாகிட்ட சொன்னேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. இப்ப ஒரு வருஷமா அது இல்ல. நான் இதைச் சொல்லித்தான் பரிதி என்கிட்ட மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சா."

பிரதீபாவின் கோபம் அப்படியே அடங்கிப்போனது. அவள் பரிதியைப் பார்த்தாள்.

"நீயாடி? இத்தனை வருஷம் பழகியும் என்கிட்ட ஏன்டி சொல்லல?"

பரிதி தலையை ஆட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து, பிரதீபாவின் இடது கையை வலிக்காமல் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இல்லடி. பி.டி. பீரியட்ல உன் கையில இருந்த காயத்தைப் பாத்துட்டேன். உன்கிட்ட எப்படிப் பேசறது, உன்னை யார்கிட்ட கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாமத்தான் தினமும் இவகிட்ட கேட்டேன்."

பிரதீபா கையை இழுத்துக்கொள்ளவில்லை.