சிவப்புச் சட்டை

“சட்டையைச் சிவப்பாக் கீறு, தம்பி,” என்றாள் லூர்த்தம்மா.

கல்லறையில் பதிக்கும் பீங்கான் தகட்டில் அவளுடைய மகனின் முகத்தை வரைந்துகொண்டிருந்த கனிசியசுக்கு எரிச்சல் வந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து பஸ் ஏறிக் குருநகருக்கு அவனைத் தேடி வந்தவள், சொன்னால் கேட்கிறாள் இல்லை.

“நீலம் அடிப்பம், அக்கா. நீலம் எந்தச் சூட்டையும் தாங்கும். நல்லாச் சுட்டால் தகடு கல்லு மாதிரிக் காலத்துக்கும் கிடக்கும். என்னட்டை இருக்கிற சிவப்பு அந்தச் சூட்டிலை வெளிறிப் போயிடும்.”

“அப்ப சூட்டைக் குறையன்.”

“குறைச்சால் சிவப்பு நிக்கும். ஆனால் தகடு வேகாது. உப்புக் காத்துப் பட்டு இரண்டு மாரியிலை படமே உரிஞ்சு போயிடும்.”

“பரவாயில்லை. சிவப்புத்தான் வேணும்.”

ஒரு நிறத்துக்காகப் பெற்ற பிள்ளையின் முகத்தையே அழியவிடுகிறாளே என்று முணுமுணுத்தபடி, சிவப்பை அடித்துத் தகட்டை மின்சூளைக்குள் வைத்து, சூட்டைக் குறைத்துவிட்டான்.

“பொடியனுக்குச் சிவப்பிலை அவ்வளவு விருப்பமோ?”

“ஒருநாளும் போட்டதில்லை.”

கனிசியஸ் திரும்பிப் பார்த்தான்.

“அவன் கடலிலை காணாமல் போனவன், தம்பி. உடம்பு இன்னும் கிடைக்கேல்லை. அவனுக்குக் கல்லறை கட்டினால்தான் தங்கச்சிக்குக் கலியாணம் எண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் நிக்கினம். கட்டுறன். ஆனால், திரும்பி வாற பிள்ளை தன்ரை முகத்தை அதிலை பாக்கக்கூடாது.”

கனிசியஸ் சூளையின் திருகைப் பிடித்து, சூட்டை இன்னும் கொஞ்சம் குறைத்தான்.