அழிக்கக் கூடாத குறி

கணவன் தௌனோவின் போர்வையை விலக்கியதும் ஐலாவுக்குப் பகீரென்றது. பாதத்தின் மேல் கறுப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

மாதக்கணக்கில் மரத்துக் கிடந்த கால். நேற்றுதான் ரத்தக்குழாய் அடைப்பைத் தாண்டி பைபாஸ் செய்திருந்தார்கள். ரத்தம் ஓடாவிட்டால் காலையே எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கால் இருக்கா, ஐலா?"

"இருக்கு. பேசாம படு."

"போச்சுன்னா, ஏரிக்கரை சவுனாவுல நீராவிக் குளியலுக்கு உன் முதுகுல ஏறித்தான் வருவேன்."

ஐலா ஈரத்துணியால் குறியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அழிக்காதீங்க!" நர்ஸ் ஓடிவந்தாள்.

"வெட்டறதுக்குக் குறி வைப்பீங்க, நான் பார்த்துட்டு இருக்கணுமா?"

நர்ஸ் அவள் விரலைப் பிடித்துக் குறியின் மேல் வைத்தாள். அடியில் நாடி துடித்தது.

"அடுத்து வர்ற நர்ஸ் தேடாம தொட்டுப் பார்க்கத்தான் இந்தக் குறி."

ஐலா அவளிடம் பேனாவை வாங்கி, கலைந்த கோட்டை மறுபடி இழுத்தாள்.

"ஏய், கூசுது!" என்று காலை இழுத்துக்கொண்டான் தௌனோ.