நிலவுக்கு ஆள் அனுப்புதல்

இரக்கமுள்ளவன் எவனும் நிலவைத் தொட்டதில்லை.

விடுதிக் கட்டிலில், கைலியை மடித்துக் கட்டி, மடிக்கணினியைத் தலையணைமேல் வைத்தபடி அவன் இதை அறிவித்தான். சிரிக்கவில்லை. ஒரு விண்வெளி நிறுவனத்தின் இயக்குநர் சிரிக்கக் கூடாது.

நிறுவனம் கணினிக்குள் இருந்தது. அதில் ராக்கெட் கட்டலாம். வீரர்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கலாம். ஏவலாம்.

எரிந்தால் அடுத்த ஆள்.

அவனுக்கு நிறைய எரிந்திருந்தது. சென்ற தடவை இருவர் போனபோது மிக்சர் தின்றுகொண்டிருந்தான். மெல்லுவதை நிறுத்தவில்லை.

"வீரனுக்குப் பேரு எதுக்குல? நம்பர் போதும்."

அறைத்தோழன் பீர் முகமதுவுக்கான குத்தல் அது.

பீரும் தன் கணினியில் இதே விளையாட்டைத்தான் ஆடுகிறான். வீரர்களுக்குத் தன் மாமாக்களின் பெயர்களை வைத்திருக்கிறான். ஒருவரையும் மேலே அனுப்பியதில்லை. திறமையில் சின்ன மாமாதான் முதல். ஆனால் பெரியவர் இருக்கும்போது சின்னவரை அனுப்பினால் பெரியவர் கோபித்துக்கொள்வார். பெரியவருக்கோ சர்க்கரை. ஆகவே மாமாக்கள் அனைவரும் நிரந்தர விடுப்பில். பீரின் நிறுவனத்தை விளையாட்டின் அரசு மூடிக்கொண்டே இருக்கிறது. அவன் திறந்துகொண்டே இருக்கிறான்.

இதை மெஸ்ஸில் எல்லோருக்கும் நடித்துக் காட்டியவன் இவன்தான்.

இன்று இவன் முறை. விளையாட்டுக் கணக்கில் இந்த மாதத்துக்குள் நிலவில் ஆள் இறங்காவிட்டால் இவன் நிறுவனத்தையும் இழுத்து மூடிவிடுவார்கள். செமஸ்டர் முழுக்கக் கட்டியது. அதற்காக ஓர் அரியரும் வைத்தாயிற்று. விடுதிக் குரூப்பில் காலையிலேயே போட்டுவிட்டான்: மாலை நிலவு. அனைவரும் வருக.

டீ குடித்துவிட்டு வந்தான். ஏவுதளத்தைத் திறந்தான்.

வீரர்: சங்கரநயினார்.

அவன் அப்பா.

"லே."

பீர் கட்டிலுக்கடியில் சாக்ஸ் தேடிக்கொண்டிருந்தான். "வெறும் பேருதான மாப்ள. நீ அனுப்பு."

எரிச்சல் உச்சிக்கு ஏறியது. பழைய பெயரையே அடித்துவிடலாம் என்று விசைப்பலகைக்குப் போன விரல், அங்கேயே நின்றது.

பழைய பெயர் என்ன?

அவன் அதைப் படித்ததே இல்லை.

'ஏழாம் எண்' என்று அடித்தான். பெயர் போனது. ஆள் போகவில்லை. படத்தில் தலைக்கவசம் மட்டும். முகத்தை மூடிய கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் யார் என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

பொருட்காட்சியில் வீட்டார் எல்லோரும் ராட்டினத்தில் சுற்ற, கீழே நின்று செருப்புகளைப் பார்த்துக்கொள்பவர். சங்கரன்கோவிலில் அவனை பஸ் ஏற்றிவிட வந்தால், டிரைவரிடம் போய், பார்த்துப் போங்கண்ணே என்று சொல்லிவிட்டு இறங்குபவர்.

இது படம், இதற்குள் ஆள் இல்லை என்று முணுமுணுத்துப் பார்த்தான். அப்பாவை வைத்து 'ஆள் இல்லை' என்பது நன்றாக இல்லை. வாயை மூடிக்கொண்டான்.

வேறு வீரரைத் தேடினான். நிலவுக்குப் பயிற்சி பெற்றவர் வேறு எவரும் இல்லை. இருந்தவர்களை எல்லாம் அவனே எரித்திருந்தான்.

வெற்றி வாய்ப்பு, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

இதைவிடக் கேவலமான கணக்குக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியவன். கையிருப்பு மொத்தத்தையும் கொட்டி இன்ஜினை மறுபடி சோதித்தான்.

தொண்ணூற்று ஐந்து.

அதற்கு மேல் ஏறமாட்டேன் என்று விளையாட்டு அடம்பிடித்தது.

வராந்தாவில் சத்தம். கூட்டம் வந்துவிட்டது. கட்டில், மேசை, ஜன்னல் எல்லாம் ஆள். ஒருவன் சோளப்பொரியோடு வந்திருந்தான்.

"தட்டுல மாப்ள!"

பத்து. ஒன்பது. எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். பீர் மட்டும் எண்ணவில்லை.

மூன்றில் இயக்குநரின் விரல் நிறுத்திவிட்டது.

"என்னாச்சுல?"

"வானிலை சரியில்ல."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வெயில் கொடித் துணிகளை அப்பளமாகப் பொரித்துக்கொண்டிருந்தது.

"கேமுக்குள்ளல! கேமுக்குள்ள மழை. எல்லாரும் போங்கல வெளிய."

போனார்கள். சோளப்பொரிக்காரன் திட்டிக்கொண்டே போனான். அதற்குள் குரூப்பில் சிரிப்புப் படங்கள் விழ ஆரம்பித்திருந்தன.

"எல்லாம் உன்னாலதாம்ல."

"நான் பேரத்தான மாத்துனேன்" என்றான் பீர்.

விளையாட்டில் மாதம் முடிந்தது. அரசின் அறிவிப்பு திரை முழுக்க விரிந்தது. நிறுவனம் மூடப்படுகிறது. இயக்குநரின் சேவைக்கு நன்றி.

பீர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இவன் அறிவிப்பை ஓரமாகத் தள்ளினான். ஏழாம் எண்ணின் பக்கத்தைத் திறந்தான். பெயரைத் திரும்ப அடித்தான். சங்கரநயினார். ஓர் எழுத்து தவறி, அழித்து, சரியாக அடித்தான்.

விடுப்பு என்ற பொத்தானை அழுத்தினான்.

விடுப்பில் போகிறவர்களுக்குத் தலைக்கவசம் கிடையாது. படம் மாறியது.

இள வயது. தலை கொள்ளாத சுருட்டை முடி. சற்றே தூக்கிய பல்.

அப்பாவின் ஜாடை துளிகூட இல்லை. யாரோ ஒரு பையன்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு விடுப்பை நீட்டித்தான்.