கட்டணம் கேட்காத ஞாயிறு

குரலையும் முகத்தையும் எந்திரமே அச்சு அசலாகச் செய்துவிடுகிற காலம் அது, கண்ணுகளா. அதனால் நடுக்கடல் காற்றாலையில் வேலை பார்க்கும் இருதயராஜ் ஞாயிறுதோறும் வீட்டுக்குப் பேசும்போது, நோட்டரி சாருலதா பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைத் தொட்டுப் பார்த்து, "அசல் ஆள்தான்" என்று சாட்சி சொல்வாள்.

தூத்துக்குடியில் திரையைப் பார்த்திருக்கும் மனைவி மரியபுஷ்பத்துக்குச் சாருலதாவின் அந்தக் கைதான் கண்ணை உறுத்தும்.

"எம் புருஷன் கையத் தொடுறதுக்கு ஒனக்கு நான் துட்டும் தரணுமாக்கும்?" என்று ஒருநாள் வெடித்தாள்.

சாருலதா சிரித்தாள். "துட்டு வாங்குற வரைக்கும்தான்க்கா நான் அந்நியம். சும்மா செஞ்சா அவருக்கு வேண்டியவளாயிடுவேன். வேண்டியவங்க சாட்சி செல்லாது."

அதற்குப் பிறகும் மரியபுஷ்பத்துக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் பேசி முடித்ததும் சாட்சிக் கட்டணம் கேட்டுத் திரையில் மணி அடிக்கும்போது கொஞ்சம் குளிரும்.

இந்த ஞாயிறு இருதயராஜ் பிள்ளைகளை விசாரித்தான். சாருலதா கையைத் தொட்டாள், சாட்சி சொன்னாள். மணி மட்டும் அடிக்கவில்லை.

"ஏம்மா, கட்டணம் கேக்கலியே?"

சாருலதா தலை குனிந்துகொண்டாள். "இந்த வாரம் வேண்டாம்க்கா."

"வாங்கிக்கோ தாயி," என்று கெஞ்சினாள் மரியபுஷ்பம். "ரெண்டு மடங்கா வேணும்னாலும் வாங்கிக்கோ."