ஆறு வயதுக் கவுன்

மூன்றாவது கவுனையும் ஜலீலா மகளின் தலை வழியாகக் கழற்றினாள். நாளை அவள் தம்பியின் நிக்காஹ். ரஃபீனாவுக்கு இன்னும் உடுப்பு அமையவில்லை.

“மூணுலயும் ஆறு வயசுன்னுதான் போட்டிருக்கு. ஒண்ணு கழுத்துல இறங்கல, ஒண்ணு தோள்ல நிக்கல, ஒண்ணு தரையைக் கூட்டுது. எந்தா இக்கா இது?”

“நான் விக்கிறவன் இத்தா, தைக்கிறவன் இல்ல,” என்றார் கடைக்காரர் சிகாபுதீன். “மட்டாஞ்சேரி முழுக்க இதே சங்கடம்தான்.”

“லேபிள் தைக்கிறவ கண்ணை எங்க வச்சிருக்கா? அவ பெத்த பிள்ளைக்கு உடுப்பு வாங்க வரட்டும், அப்பத் தெரியும்.”

“எல்லாம் இடக்கொச்சிக் கம்பெனிச் சரக்கு. அங்க போய்ச் சண்டை போடுங்க.”

ஜலீலா கவுனைத் திருப்பிக் கழுத்திலிருந்த லேபிளைப் பார்த்தாள். பிறகு அலமாரியில் இருந்த மஞ்சள் கவுன்களைக் காட்டினாள்.

“அந்த மஞ்சள் கவுன்ல பத்து வயசு இருந்தா எடுங்க.”

“பிள்ளை உள்ள தொலைஞ்சு போகும் இத்தா.”

“எடுங்க, சொல்றேன்.”

அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. ரஃபீனா கண்ணாடியை விட்டு நகரவில்லை.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார் சிகாபுதீன்.

ஜலீலா குரலைத் தாழ்த்தினாள்.

“ஒருநாள் எங்க இடக்கொச்சிக் கம்பெனியில ஆறு வயசு லேபிள் தீர்ந்துபோச்சு இக்கா. மஞ்சளுக்கெல்லாம் பத்தை எடுத்துத் தைச்சது நான்தான்.”