முதிரைக் கதவு

போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க வந்த வெளிநாட்டுக் குழு தவமலருக்குச் செய்த ஒரே உதவி, மாதம் ஒருமுறை தங்கள் கோபுரத்தில் ஏற்றி, கம்பிவேலிக்கு அப்பாலிருந்த அவளுடைய வீட்டைத் தொலைநோக்கியில் காட்டியதுதான். ஏழாவது மாதம் பார்த்தபோது, ஒரு சிப்பாய் அவளுடைய முன்கதவை உதைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ தம்பி, நிப்பாட்டச் சொல்லும்!" என்று மொழிபெயர்ப்பாளன் ஜெரோமின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் சொன்னதைக் கேட்ட குழு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"எழுதிட்டாராம் அக்கா. கதவு என்ன மரமெண்டு கேக்கிறார்."

தவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதிரை. மழைக்கு ஊதியிருக்கும். உதைச்சுத் திறக்கேலாது, கைப்பிடியைத் தூக்கித் தள்ளவேணும். போய் அவனிட்டயாவது சொல்லச் சொல்லும். கதவாவது மிஞ்சட்டும்!"

ஜெரோம் மொழிபெயர்த்தான். அதிகாரி ஒரு சொல் விடாமல் எழுதி, அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

அவள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதவு பிளந்து, ஏழு மாதத்தில் முதல் தடவையாக வீட்டின் உள்பக்கம் தெரிந்தது. அவள் விட்டுவந்த குடை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.